அஜிகான் தியானத்தில் மிதப்பு: கோளாறு கையில் இருந்தது

ஒன்பது நாள் வீணாகி, இப்போதுதான் நிம்மதி. ஜப்பானின் கோயாசான், ஷிங்கோன் என்ற பௌத்த மரபை நிறுவிய கூக்காய் என்னும் துறவி 816இல் பேரரசரிடமிருந்து பெற்ற மலை. அங்கே அந்த மரபின் அஜிகான் தியானத்தைக் கற்றேன். தாமரைமேல் நிலவட்டம், அதில் 'சித்தம்' என்ற பழைய இந்திய லிபியில் 'அ' (நம் அகரத்தின் ஒலியேதான்). அந்தப் படத்தைப் பார்த்தபடி உட்கார வேண்டும்.

வீட்டில் உட்கார்ந்தால் பத்தாவது நிமிடமே தலை லேசாகி உடம்பு மிதக்கும், அப்புறம் சொக்கும். திண்டை உயர்த்தினேன், முழங்கால் தரையில் படிந்ததே தவிர மிதப்பு போகவில்லை. கண்ணை முழுக்க மூடினேன், இன்னும் மோசம். இடது சுட்டுவிரலை வலது கை பற்றும், ஷிங்கோனின் முதன்மைப் புத்தரான மகாவைரோசனரின் முத்திரையையும் முயன்றேன். தீட்சை இல்லாதவனுக்கு அது வேண்டாத வேலை, தோள்தான் வலித்தது.

கடைசியில் போனில் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்தேன். மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக, கட்டைவிரல் நுனிகள் தொட இருக்க வேண்டிய கைகள் அந்தரத்தில் நின்றன. கட்டைவிரல் நுனிகள் முதலில் முட்டி மேடாகின்றன, சொக்குவதற்குச் சற்று முன் பிரிகின்றன. போதாததற்கு, ஜென் பழக்கத்தில் இடது கை மேலே! ஷிங்கோனில் வலது கைதான் மேலே.

மடித்த துண்டைக் கணுக்கால்மேல் போட்டு, தொப்புளுக்குக் கீழே கைகளை அதில் கிடத்தினேன். கட்டைவிரல்கள் ஒரு தாளைப் பிடிக்கும் அளவுக்கே தொட வேண்டும். கையின் கனம் துண்டில் இறங்கியதும் தோள் தளர்ந்தது. விரல் பிரிந்தால் உடனே தெரிகிறது, சேர்த்துக்கொள்கிறேன். நேற்று இருபத்தைந்து நிமிடம், மிதப்பே இல்லை.