பின்ன அடுக்கா? 64-ஐப் போட்டுப் பாருங்கள்

பின்ன அடுக்குகளில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அ^(1/2) × அ^(1/3) என்றதும் கை தானாக அ^(1/6) என்று எழுதிவிடும். இரண்டிலும் அடிமானம் (இங்கே அ) ஒரே எண்தான் என்றால் அடுக்குகளைக் கூட்ட வேண்டும், விடை அ^(5/6). சந்தேகமா? அ = 64 என்று வையுங்கள். அ^(1/2) என்பது வர்க்கமூலம், அது 8; அ^(1/3) என்பது கனமூலம், அது 4; பெருக்கினால் 32. 64^(1/6) வெறும் 2தான். 64^(5/6) என்பது அந்த 2-இன் ஐந்தாம் அடுக்கு, அதுவும் 32. சரி!

நீளமான கோவை வந்தால் பின்னத்தையே கண்ணில் படாமல் மறைத்துவிடலாம். (அ^(1/3) + 2)(அ^(2/3) − 2அ^(1/3) + 4) என்பதில் அ^(1/3)-ஐ ப என்று எழுதுங்கள். அப்புறம் அது (ப + 2)(ப² − 2ப + 4), பள்ளியில் பார்த்த பழைய முற்றொருமை: ப³ + 8. ப³ என்பது அ. ஆக, விடை அ + 8. இங்கேயும் 64 போட்டால் 6 × 12 = 72, பொருந்துகிறது. வர்க்கமூலம் வரும் கணக்கில் மட்டும் அ குறை எண் அல்ல என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.