நஞ்சு தின்று தப்பிய எலிதான் வில்லங்கம்

காலபோக (பெரும்போக) நெல் வயலில் எலிக்கு வைத்த நஞ்சு முதல் இரவு வேலை செய்யும். மூன்றாம் இரவு இரை தொடப்படாமலே கிடக்கும், நெல் மட்டும் வெட்டுப்படும். கடைக்காரர் கலப்படம் செய்துவிட்டார் என்று ஏசுவோம். பிழை பெரும்பாலும் வைத்த முறையில்.

எலியால் வாந்தியெடுக்க முடியாது. புதுத் தீனியைக் கொஞ்சமாகக் கடித்துப் பார்ப்பதுதான் அதன் காப்பு. 1955இல் அமெரிக்க உளவியலாளர் ஜோன் கார்சியா சாக்கரின் கரைத்த நீரைக் குடித்த எலிகளைக் கதிர்வீச்சால் நோயுறச் செய்தார். பிறகு அவை அந்த இனிப்பை ஒதுக்கின. பிற்காலச் சோதனைகளில் குமட்டலை உண்டாக்கும் லித்தியம் குளோரைட்டு ஊசியும் இதையே செய்தது. மணியோசை கேட்டதும் எச்சில் ஊற, பவ்லோவின் நாய்க்குப் பலமுறை பழக்க வேண்டும். இங்கே ஒருமுறை போதும், நோய் சில மணி நேரம் பிந்தி வந்தாலும் எலி அதைச் சுவையோடுதான் முடிச்சுப் போடும்.

சுவையோடு, இடத்தோடு அல்ல. ஆகவே அதே குறுணல் நஞ்சை அடுத்த வரம்புக்கு மாற்றி வைப்பது வீண்வேலை. மாற்ற வேண்டியது தீனியை.

சிங்க் பொஸ்பைட்டு என்ற எலி நஞ்சு சில மணி நேரத்தில் வயிற்றைக் கலக்கிவிடும். அரைகுறையாகத் தின்ற அகழான் (வளை தோண்டும் வயல் எலி) அன்றே பாடம் படித்துவிடும். அதைத் தடுக்க, மாலையில் வளைகளை மண்ணால் மூடி, காலையில் திறந்திருப்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று இரவு நஞ்சில்லாக் குறுணலை எண்ணெய் பிசறி அங்கே வையுங்கள். மிச்சமில்லாமல் தின்னத் தொடங்கிய பிறகே அதே தீனியில் நஞ்சு: 96 கிராம் குறுணல், 2 கிராம் எண்ணெய், 2 கிராம் மருந்து. லேபிளில் வேறு அளவு இருந்தால் அதன்படி. பழகிய சுவையில் எலிக்குச் சந்தேகம் குறைவு, வயிறாரத் தின்னும். கூடப் போட்டால் கூடச் சாகும் என்று 5 கிராம் கொட்டினால் நெடியிலேயே விட்டுவிடும்.

வன்னியில் காலபோகமும் மாரி மழையும் ஒன்றாக வரும். நனைந்த மருந்து வாயுவாகிப் போய்விடும். எனவே மழையில்லாத மாலையில் வையுங்கள், மூங்கில் குழாய்க்குள் வைத்தால் மயிலும் நாயும் எட்டாது.

தப்பிய எலிகளுக்கு இரத்தம் உறையாமல் செய்யும் வகை மருந்து, வேறு தீனியில். சாவு சில நாள் பிந்துவதால் தின்றதையும் நோயையும் எலி இணைக்காது. முதல் இரவு ஒன்றும் சாகவில்லை என்று அதை எடுத்துவிடுகிறார்கள். வார்பரின் போன்ற இவ்வகை மருந்துகளைத் தொடர்ந்து தின்றால்தான் பலன், தீரத் தீர நிரப்ப வேண்டும்.

குடலைப் பருவம் (கதிர் தண்டுக்குள் பருக்கும் காலம்) வரை காத்திருக்கவும் கூடாது, அப்போது வயலே எலிக்கு விருந்து. இரணைமடுக் குளத்தின் கீழ் உள்ள வயல்கள் போலப் பெருவெளியாக இருந்தால் பக்கத்துக் காணிக்காரரும் அதே இரவில் வைக்க வேண்டும். கையுறை போட்டு, சமையல் பாத்திரத்தைத் தொடாமல் கலவுங்கள். செத்தவற்றைக் காலையிலேயே பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள்.