ராஜபாளையம் நாய்க்கு ஜோடி பார்க்கும் முன்

என் நாயின் இரண்டாவது ஈத்தில் ஏழு குட்டிகள். ஆறாவது வாரம் தீபாவளி. திருநின்றவூரில் எங்கள் தெருவில் ஆயிரம் வாலா வெடித்தபோது ஆறு குட்டிகள் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தன. ஒன்று மட்டும் சாக்கின்மேல் தூங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு தைரியம் என்று பூரித்து, அதற்கு வீரா என்று பேர் வைத்தேன். பத்து நாள் கழித்து, சாப்பாட்டுத் தட்டை அதன் முதுகுக்குப் பின்னால் தட்டியபோதுதான் புரிந்தது. வீராவுக்கு இரண்டு காதும் கேட்காது.

தப்பு என்னுடையது. 2005-ல் தபால் தலையில் வந்த நாய் என்று சொல்லி, பால் வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்கும் வேண்டுமென்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நானும் அம்மா அப்பா இரண்டையும் வெள்ளையை மட்டும் பார்த்துச் சேர்த்தேன். தோலுக்கு நிறம் கொடுக்கிற அதே வகைச் செல்கள் உட்காதுக்கும் வேண்டும். வெள்ளையைக் கொண்டுவரும் மரபு சில குட்டிகளில் அவற்றைக் காது வரை போக விடாது. அப்போது ஒலியை வாங்கும் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே செத்துவிடும்.

அதனால் முதலில் காது. ஐந்து வாரமானதும் குட்டியைத் தனியாக வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். மற்ற குட்டிகள் கூட இருந்தால், அவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பும். பின்னால் நின்று, உங்கள் நிழலோ காற்றோ தரை அதிர்வோ அதன்மேல் படாமல் சாவிக்கொத்தை ஆட்டுங்கள். தூங்கும்போது ஒருமுறை, விழித்திருக்கும்போது இருமுறை. இதில் ஒரு காது மட்டும் கேட்காத நாய் தப்பிவிடும், பார்க்க ஒரு குறையும் தெரியாது. ஆனால் குறையை அடுத்த ஈத்துக்குக் கொடுக்கலாம். காதில் ஒலி கொடுத்து மூளை அலையைப் பதிவு செய்யும் சோதனைதான் அதைக் காட்டும். கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். காது கேட்காத நாயை ஜோடி சேர்க்கவே கூடாது. கூடப்பிறந்தவற்றில் செவிடு இருந்தால் நான் அதையும் தவிர்க்கிறேன்.

அடுத்தது உறவு. சென்னையில் நாய் வைத்திருப்பவர்களில் பலர் ஊரிலிருந்து ஒரே ஆண் நாயின் வாரிசுகளைக் கொண்டுவந்திருப்பார்கள். பேர் வேறு, வீடு வேறு, தாத்தா ஒன்று. அப்பனும் மகளும், அல்லது ஒரே ஈத்து அண்ணனும் தங்கையும் சேர்ந்தால், குட்டியின் மரபில் சராசரியாக 25 சதவீதம் இரண்டு பக்கமும் ஒரே நகலாக வரும். அப்பா ஒன்று, அம்மா வேறு என்றால் 12.5. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் போல என்றால் 6.25. இது கூடக்கூட மறைந்திருக்கும் குறைகள் வெளியே வரும். மூன்று தலைமுறைப் பேரையும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் நான் சம்மதிப்பேன். அந்த நோட்டில் ஈத்துக்கு எத்தனை, எத்தனை செத்தன, எது கடித்தது, எது எதனால் இறந்தது எல்லாம் இருக்கும்.

இனி ஓட்டம். என் அப்பா சாத்தூர்ப் பக்கம் முயல் வேட்டைக்குச் சிப்பிப்பாறை என்ற வேட்டை நாய் வளர்த்தவர். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வேட்டை இப்போது குற்றம், அது சரியும்கூட. ஆனால் ராஜபாளையத்தின் உடம்பும் இன்னும் வேட்டைக்கானதுதான். காலை ஐந்தரைக்கு, வீடு கட்டாத மனைகளில், நீளக் கயிற்றில் பிளாஸ்டிக் பையைக் கட்டி மகன் சைக்கிளில் இழுப்பான். திரும்பும் இடத்தில் கால் சறுக்குகிறதா, பின்கால் ஒரே சீராக உதைக்கிறதா என்று பார்ப்பேன். "ஓடுறப்ப பாக்காத தாயி, நின்னப்புறம் பாரு" என்பார் அப்பா. நின்று பத்து நிமிடத்தில் மூச்சு அடங்காத நாயை நான் சேர்ப்பதில்லை.

குணமும் அதே அளவு முக்கியம். இது காவல் காத்த இனம், அந்நியரிடம் ஒதுங்கும். அது இயல்பு. ஆனால் பால்காரரைக் கண்டு பயத்தில் கடிக்கிற நாய் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. இனப்பெருக்கம் செய்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். 2017 நாய் இனப்பெருக்க விதிகளின்படி பெட்டைக்கு 18 மாதம் நிரம்பியிருக்க வேண்டும், வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. நான் இரண்டு வயது வரை பொறுக்கிறேன், மூன்று ஈத்தோடு நிறுத்துகிறேன். சேர்க்குமுன் இரண்டுக்கும், கருவைக் கலைக்கும் புருசெல்லா கிருமிக்கான ரத்தப் பரிசோதனை கட்டாயம். சேர்க்கும் நாளை ரத்தம் கண்ட தேதியை வைத்து ஊகிக்காமல் ரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் அளவைப் பார்த்து மருத்துவரைச் சொல்லச் சொல்லுங்கள். சினை சுமார் 63 நாள், கணக்குப் போட்டு கத்திரி வெயிலைத் தவிர்த்துவிடுங்கள். எட்டு வாரத்துக்கு முன் குட்டியைக் கொடுக்காதீர்கள்.

வீராவுக்கு இப்போது ஒன்பது வயது. கருத்தடை செய்து என்னோடு வைத்திருக்கிறேன். விளக்கை இரண்டுமுறை அணைத்துப் போட்டால் வந்து நிற்பான். உள்ளறையில் புது ஈத்து, ஆறு குட்டிகள். காதோரம் செம்பழுப்பு தெரிகிற பெட்டைக்குப் பிறந்தவை. நாலாவது குட்டி சாவிக்குத் திரும்ப நேரமாகிறது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி பார்க்கணும் என்று நோட்டில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.