தளத்தில் பச்சை விளக்கு எரியாது: உயரப் பணிக்கான வி.ஆர். பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயரத்தில் வேலை செய்பவர்களுக்கு வி.ஆர். (மெய்நிகர் காட்சி) கண்ணாடி மாட்டிப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கும் இளைஞர்கள் இருவரின் வகுப்பில் சென்ற மாதம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தொடக்கத்தில் நான் செய்த அதே தவறுகளை, அதே வரிசையில், அதே உற்சாகத்தோடு அவர்கள் செய்வதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது. சார்ஜ் போட மறப்பது, சுவரில் கையை இடித்துக்கொள்வது போன்றவற்றை நான் சொல்லத் தேவையில்லை. அவற்றை முதல் நாளே பட்டுத் தெரிந்துகொள்வீர்கள்.

கன்ட்ரோலர் பழகாதவருக்கு மதிப்பெண் குறைப்பது

இருபது வருடம் சாரம் கட்டியவர் வி.ஆரில் தோற்றுப்போனால் அவருக்குச் சாரம் தெரியாது என்று பொருளல்ல. கையில் பிடிக்கும் கன்ட்ரோலரில் எந்த விரலால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். முதல் பத்து நிமிடம் தரைமட்டத்திலேயே பொருள்களை எடுத்து வைத்துப் பழகட்டும். இந்தியும் ஒடியாவும் வங்காளமும் பேசுபவர்கள் நிறைந்த நம் தளங்களில், ஆங்கிலத்தில் மிதந்து வரும் எச்சரிக்கைப் பலகையை யார் படிப்பார்கள் என்பதையும் யோசியுங்கள்.

ஆங்கரை மென்பொருளே காட்டிக்கொடுப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதைச் செய்தவன் நான்தான். எங்களிடம் அப்போது இருந்த மென்பொருளில், கொக்கி மாட்ட வேண்டிய உறுதியான இடத்தை, அதாவது ஆங்கரை, நெருங்கினால் அது பச்சையாக ஒளிரும்; பொத்தானை அழுத்தினால் ‘டிக்’ என்ற ஒலியோடு கொக்கி தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். பார்க்க அழகாக இருந்தது, பார்வையிட வந்த அதிகாரிகளும் கை தட்டினார்கள். அந்த வகுப்பில் தொண்ணூறுக்கு மேல் மதிப்பெண் எடுத்த ஒரு பையனை, மூன்றாம் நாள் ஒரு தொழிற்சாலைக் கூரையில் பார்த்தேன். அவன் லேன்யார்டின், அதாவது பாதுகாப்பு பெல்ட்டை ஆங்கரோடு இணைக்கும் கயிற்றின், கொக்கி, மின்கம்பி போகும் கண்டியூட் குழாயில், கணுக்கால் உயரத்தில் மாட்டியிருந்தது. அவனை உள்ளே நகரச் சொல்லிவிட்டு அந்தக் குழாயைக் கையால் ஓர் இழுப்பு இழுத்தேன். கிளாம்ப், திருகு, கொஞ்சம் சிமெண்டுத் தூள் எல்லாம் கையோடு வந்தன. ஏன் தம்பி இதில் மாட்டினாய் என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில்: “அங்கே பச்சையாக எரியும் சார். இங்கே எதுவும் எரியவில்லை, அதனால் பக்கத்தில் இருந்ததில் மாட்டினேன்.”

அவன் மேல் குற்றமில்லை. ஆங்கரைத் தேர்ந்தெடுப்பதுதான் கற்க வேண்டிய வேலை. அதை நாங்கள் மென்பொருளிடம் கொடுத்துவிட்டு, பொத்தான் அழுத்துவதை மட்டும் அவனுக்குக் கற்பித்திருந்தோம். பொறியாளர் தனியாகக் கணக்கிட்டு அமைக்காத ஆங்கர், ஓர் ஆளுக்கு 5,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2,270 கிலோ தாங்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி. கண்டியூட் எங்கே, இது எங்கே! ஒருவேளை அந்தக் குழாய் தாங்கியிருந்தாலும் அவன் பிழைத்திருக்க மாட்டான். லேன்யார்ட் 2 மீட்டர், விழும் வேகத்தை உறிஞ்ச விரியும் அதிர்வு தாங்கி 1.75 மீட்டர் வரை, பெல்ட்டின் முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர், பாதுகாப்புக்கு விடும் மிச்ச இடைவெளி 1 மீட்டர் என்று கூட்டினால், ஆங்கருக்குக் கீழே 6.25 மீட்டர் வெற்றிடம் வேண்டும். அந்தக் கூரையோ தரையிலிருந்து 5 மீட்டர்தான். எங்கள் வி.ஆர். காட்சியில் எல்லாமே நாற்பதாவது மாடியில் நடந்ததால், இந்தக் கணக்கு ஒருவர் மனத்திலும் எழவில்லை.

ஆகவே ஒளிர்வதை நிறுத்தச் சொல்லுங்கள். பயன்படுத்துபவர் குழம்புவார் என்று மென்பொருள்காரர்கள் வாதாடுவார்கள். குழம்பட்டும், அதற்குத்தானே வகுப்பு. கண்டியூட், கேபிள் தட்டு, தண்ணீர்க் குழாய், ஆடும் கைப்பிடிக் கம்பி ஆகியவற்றையும் காட்சியில் வைத்து, மாட்டிய பிறகு ஏன் இதில் மாட்டினாய் என்று கேளுங்கள். கண்ணாடியைக் கழற்றியதும், அறையில் கட்டிவைத்த நிஜ இரும்புக் குழாயில், கையுறை போட்ட கையால், நிஜக் கொக்கியின் இரட்டைப் பூட்டை அழுத்தித் திறந்து மாட்டச் சொல்லுங்கள். கையிலும் காலிலும் படும் நிஜப் பொருளுக்கு அத்தனை வலு உண்டு: வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மெய்நிகர் பள்ளத்தின் ஓரத்தில் நின்றவர்களின் காலடியில் ஒன்றரை அங்குல மரப்பலகை இருந்தபோது இதயத் துடிப்பு கூடுதலாக ஏறியது.

விழுந்து விளையாட விடுவது

விழுந்தால் திரை கறுத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும் காட்சியில், நான்காம் முறை வேண்டுமென்றே குதிப்பார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள். 1995இல் பார்பரா ராத்பாம் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள், உயரத்துக்கு அஞ்சும் மாணவர்களை மெய்நிகர் பாலத்திலும் கண்ணாடி லிஃப்டிலும் திரும்பத் திரும்ப நிறுத்தி அந்த அச்சத்தைக் குறைத்துக் காட்டினார்கள். நோயாளிக்கு மருந்தான அதே பழக்கம், சாரத்தில் நிற்பவரிடமிருந்து அவருக்கு வேண்டிய பயத்தையும் எடுத்துவிடலாம். ஓர் ஆளுக்கு ஒரு வீழ்ச்சி போதும்.

கண்ணாடியை வெயிலில் வைப்பது

லென்ஸ் வழியாக வெயில் குவிந்து உள்ளிருக்கும் திரையைச் சுட்டுவிடும்.

வகுப்பு முடிந்த கையோடு மேலே ஏற்றுவது

கூடாது. தலைசுற்றல் முழுதும் அடங்கட்டும்.

பெல்ட் பிடித்துக்கொண்டதும் காட்சியை முடிப்பது

விழுந்தவர் அந்தரத்தில் தொங்கியதும் ‘நீங்கள் பிழைத்துவிட்டீர்கள்’ என்று திரையில் வருவது சுத்தப் பொய். அசையாமல் தொங்குபவரின் கால்களில் இரத்தம் தேங்கி, முதலில் மயக்கமும், அரை மணி நேரத்துக்குள்ளாகவே மரணமும்கூட நேரலாம். எங்கள் வகுப்பில் இப்போது காட்சி அந்த இடத்தில்தான் தொடங்குகிறது: மேலே ஒருவர் தொங்குகிறார், கீழே நிற்பவர் யாரைக் கூப்பிடுவது, மீட்புக் கயிறு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும், மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்.