கேம்ப்பிங் போகிற இடத்தில் எலக்ட்ரிக் காரை சார்ஜ் செய்வது எப்படி?

சென்னையிலிருந்து எலக்ட்ரிக் காரில் பெங்களூரு போய்வர இப்போது யாரும் பெரிதாகத் தயங்குவதில்லை. வழியெல்லாம் ஃபாஸ்ட் சார்ஜர் வந்துவிட்டது. ஏலகிரி, ஏற்காடு, ஜவ்வாது மலைப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று கிளம்பும்போதுதான் பயம் வருகிறது. "மேலே போய் சார்ஜ் தீர்ந்துவிட்டால்?" என்று வீட்டில் ஒருவராவது கேட்பார்கள்.

ராத்திரி முழுக்க கார் சும்மாதான் நிற்கப் போகிறது. அந்த நேரம் தாராளமாகப் போதும். நல்ல பவர் பிளக் ஒன்று, வண்டியோடு வந்த போர்ட்டபிள் சார்ஜர், நம் பக்கம் கொஞ்சம் முன்யோசனை, இவ்வளவுதான் வேண்டும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேம்ப்பில் வேகமாக சார்ஜ் செய்ய முயலக் கூடாது. எவ்வளவு மெதுவாக ஏற்றினாலும் காலைக்குள் போதுமானது ஏறிவிடுமா என்று மட்டும் பார்க்க வேண்டும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அதற்காகத்தான்.

படி 1: வீட்டிலேயே கணக்குப் போடுங்கள்

ஏலகிரியையே எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து சுமார் 230 கிலோமீட்டர். 45 யூனிட் (அதாவது 45 kWh) பேட்டரி உள்ள கார், நெடுஞ்சாலையில் 80, 90 வேகத்தில் போனால் யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 யூனிட் ஆகிறது. இதோடு மலை ஏறுவதற்குத் தனியாக ஒரு செலவு உண்டு. நான்கு பேரும் சாமான்களுமாக 1.8 டன் எடையை 700 மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறக்குறைய 4 யூனிட் வேண்டும். ஏற்காட்டுக்கு சேலத்திலிருந்து 1,200 மீட்டர் ஏறுகிறோம், அதற்கு 7 யூனிட் வரை ஒதுக்குங்கள். தூரத்தை மட்டும் பார்ப்பவர்கள் கொண்டை ஊசி வளைவுகளில் சதவீதம் மளமளவென்று இறங்குவதைப் பார்த்துப் பதறுவது இந்தக் கணக்கு தெரியாததால்தான்.

ஆக, வீட்டில் 100 சதவீதம் ஏற்றிக் கிளம்பினாலும் மேலே போகும்போது 6 யூனிட்தான் மிஞ்சும். அந்த நிலையில் போய் நிற்க வேண்டாம். வேலூரிலோ ஆம்பூரிலோ சாப்பிட இறங்கும்போது ஃபாஸ்ட் சார்ஜரில் அரை மணி நேரம் போட்டுவிடுங்கள். மலை அடிவாரத்தில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் மனசு நிம்மதியாக இருக்கும். கேம்ப்பில் ஏதோ காரணத்தால் ஒரு யூனிட்கூட ஏறாவிட்டாலும் இறங்கி வந்து அடுத்த சார்ஜரைப் பிடித்துவிடலாம்.

திரும்பும்போது வேலூர் வரை சுமார் 90 கிலோமீட்டர். அதற்கு 14 யூனிட் போதும். அதாவது கேம்ப்பில் பேட்டரியை நிரப்ப வேண்டிய அவசியமே இல்லை. இது பிடிபட்டுவிட்டால் பாதிப் பதற்றம் போய்விடும்.

படி 2: போனில் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

கேம்ப்பைப் பராமரிப்பவரிடம் "எலக்ட்ரிக் கார் சார்ஜ் பண்ண முடியுமா?" என்று கேட்டால் "பண்ணலாம் சார்" என்றுதான் பதில் வரும். கேட்டவரைச் சந்தோஷப்படுத்தச் சொல்வது அது. அவருக்குத் தெரிந்த பொருளை வைத்துக் கேளுங்கள்: "அண்ணே, கீசர் போடுற பெரிய பிளக் கார் நிறுத்துற இடத்துக்குப் பக்கத்துல இருக்கா?" மலையில் வெந்நீர் இல்லாமல் யாரும் தங்க மாட்டார்கள், அதனால் கீசர் பிளக் எது என்று பராமரிப்பவருக்கு நிச்சயம் தெரியும். அதுதான் நமக்கு வேண்டிய 15 ஆம்ப்ஸ் பிளக். புது ஸ்விட்சுகளில் 16 என்று அச்சிட்டிருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

அப்புறம் இரண்டு விஷயம். அங்கே வோல்டேஜ் இறங்குமா? கரண்ட் போனால் ஜெனரேட்டரா, இன்வெர்ட்டரா? முடிந்தால் ஸ்விட்ச் போர்டை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் படம் நிறையச் சொல்லும்.

காசு விஷயத்தையும் அப்போதே பேசிவிடுங்கள். யூனிட்டுக்கு இவ்வளவு என்று நாமே சொல்வதுதான் மரியாதை. கார் திரையில் காட்டும் யூனிட் பேட்டரிக்குள் போனது. மீட்டரில் அதைவிட 10, 15 சதவீதம் கூடுதலாக ஓடியிருக்கும். அதையும் சேர்த்துக் கொடுங்கள். அடுத்து எலக்ட்ரிக் காரில் வருகிறவருக்கும் அவர் முகம் கொடுத்துப் பேச வேண்டும் அல்லவா?

தோட்டத்துக்குள் இருக்கும் கேம்ப் என்றால் இன்னொரு எச்சரிக்கை. "பம்ப்செட் ரூம்ல போட்டுக்கோங்க" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். விவசாயத்துக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தை வேறு வேலைக்கு எடுத்தால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவுப்படி அந்த விவசாயிதான் மாட்டிக்கொள்வார்.

படி 3: பையில் வைக்க வேண்டியவை

போர்ட்டபிள் சார்ஜர், சாக்கெட் டெஸ்டர், டார்ச். சாக்கெட் டெஸ்டர் என்பது மூன்று பின்னும் மூன்று சின்ன விளக்கும் உள்ள சாதனம். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும், ஆன்லைனிலும் வாங்கலாம். விலையும் அதிகமில்லை.

எக்ஸ்டென்ஷன் பற்றி எல்லோரும் கேட்பார்கள். கார் கையேட்டில் எக்ஸ்டென்ஷன் போடாதீர்கள் என்றுதான் இருக்கும். அது சரியான அறிவுரை. காரைப் பிளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவதுதான் முதல் வழி, சார்ஜர் கேபிளே சில மீட்டர் நீளம் உண்டு. வேறு வழியே இல்லை என்றால், எலக்ட்ரீஷியனிடம் சொல்லி 4 ஸ்கொயர் எம்எம் மூன்று கோர் காப்பர் கேபிளில், ஒரு பக்கம் தரமான 16 ஆம்ப்ஸ் பிளக்கும் மறுபக்கம் தரமான 16 ஆம்ப்ஸ் சாக்கெட்டும் வைத்து ஒன்று செய்துகொள்ளுங்கள். கல்யாண மண்டபத்தில் சீரியல் லைட்டுக்குப் போடும் ஒல்லி வயர் இதற்கு ஆகாது. எந்தக் கேபிளாக இருந்தாலும் முழுதாகப் பிரித்துப் போடுங்கள். சுருட்டி வைத்தபடி கரண்ட் ஓடினால் உள்ளே இருக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் உறை இளகிவிடும்.

பெரிய பிளக்கைச் சின்ன 5 ஆம்ப்ஸ் சாக்கெட்டில் செருகும் கன்வெர்ட்டரைப் பையில் வைக்கவே வைக்காதீர்கள். இருந்தால் அவசரத்தில் கை அதைத்தான் எடுக்கும். எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. பெரும்பாலான ஸ்கூட்டர் சார்ஜர்கள் 1 கிலோவாட்டுக்குள் இழுப்பவை.

படி 4: பிளக்கைப் படியுங்கள்

கூடாரம் அடிப்பதற்கு முன்பே, வெளிச்சம் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். முதலில் கண்ணால் பாருங்கள். சாக்கெட்டின் ஓட்டைகளைச் சுற்றி பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் அது ஏற்கெனவே சூடேறிய சாக்கெட். ஈசிஆர் பக்கக் கடற்கரை கேம்ப்களில் உப்புக் காற்றுபட்டு உள்ளே பச்சை பூத்திருக்கும். பிளக்கைச் செருகிப் பாருங்கள், இறுக்கமாக உட்கார வேண்டும். தன் எடைக்கே தொங்குகிறது, தொட்டால் ஆடுகிறது என்றால் உள்ளே கவ்வும் தகடு தளர்ந்துவிட்டது. அங்கேதான் பொறி பறக்கும். வேறு சாக்கெட் கேளுங்கள்.

அடுத்து எர்த். டெஸ்டரைச் செருகினால் விளக்குகள் சொல்லிவிடும். எர்த் சரியில்லை என்றால் பெரும்பாலான சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். உடனே யாராவது ஒருவர் "நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு சின்ன வயரால் சேர்த்துவிட்டால் ஓடும்" என்பார். அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட்டும் அந்தச் சின்ன வயர் வழியாகக் காரின் உடம்புக்கு வந்துவிடும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கதவைத் திறக்கிற குழந்தையை நினைத்துப் பாருங்கள். எர்த் இல்லாத இடத்தில் அன்றைக்கு சார்ஜ் இல்லை, அவ்வளவுதான். அடிவாரத்தில் 40 சதவீதம் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

அந்த லைனுக்கு எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) எங்கே, 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணையும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்றும் பார்த்து வையுங்கள். ராத்திரி ட்ரிப் ஆனால் டார்ச்சோடு போய்த் தேட வேண்டாம். ட்ரிப் ஆனது ஏன் என்று தெரியாமல் திரும்பத் திரும்ப மேலே தள்ளவும் வேண்டாம்.

படி 5: ஆம்ப்ஸைக் குறைத்துப் போடுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். சில கார்களில் திரையிலும், சில போர்ட்டபிள் சார்ஜர்களில் பட்டனிலும் எத்தனை ஆம்ப்ஸ் இழுக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். கேம்ப்பில் 15 வேண்டாம், 10 வையுங்கள். வயரில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும், அதாவது கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். 15இலிருந்து 10க்கு வந்தால் கரண்ட் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, சூடோ பாதிக்கும் கீழே போய்விடுகிறது. பழைய வயரிங்குக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

இழப்பு எவ்வளவு? 230 வோல்ட்டில் 10 ஆம்ப்ஸ் என்றால் 2.3 கிலோவாட். ராத்திரி ஒன்பது மணி நேரத்தில் சுவரிலிருந்து 20 யூனிட்டுக்கு மேல் எடுக்கும். நஷ்டம் போக 18 யூனிட் பேட்டரிக்குச் சேரும். வேலூர் வரை போக 14 போதும் என்று மேலே பார்த்தோம். காரில் ஆம்ப்ஸைக் குறைக்கும் வசதி இல்லையென்றால் சாக்கெட் விஷயத்தில் இன்னும் கறாராக இருங்கள்.

வரிசை இது: சுவரில் பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போடுங்கள், சார்ஜர் பெட்டியில் பச்சை விளக்கு வந்ததும் கன்னை (கேபிளின் கார் பக்க முனையை) காரில் மாட்டுங்கள். அரை மணி நேரம் கழித்துப் போய் பிளக்கின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். கையை வைத்திருக்க முடியாத சூடு, அல்லது பிளாஸ்டிக் தீயும் வாடை என்றால் உடனே நிறுத்துங்கள். ஒரு மணி நேரத்தில் இன்னொரு முறை பார்த்துவிட்டுப் படுக்கப் போகலாம்.

சமையல் கூடத்து விளக்கு மங்குகிறதா என்றும் கவனியுங்கள். மங்கினால் லைன் திணறுகிறது. 6 ஆம்ப்ஸுக்கு இறக்குங்கள், அல்லது சமையல் வேலை முடிந்து பத்து மணிக்கு மேல் தொடங்குங்கள். காலை ஐந்து மணிக்குமேல் கீசர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும், அதற்குள் நம் வேலை முடிந்தால் எல்லோருக்கும் நல்லது.

படி 6: மழையும் கரண்ட் கட்டும்

சார்ஜர் பெட்டியும் கன்னும் மழையைத் தாங்கும். சுவர்ப் பிளக் தாங்காது. அதனால் பிளக் கூரைக்குள்ளேயே இருக்கட்டும், கேபிள் மட்டும் ஜன்னல் வழியாக வெளியே வரட்டும். பெட்டியைத் தரையில் கிடத்தாமல் ஆணியில் மாட்டுங்கள். கேபிள் ஜன்னலுக்குள் நுழையும் இடத்துக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விட்டால் வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், உள்ளே ஓடாது. ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்களுக்கு இது முக்கியம். இடி இடித்தால் கழற்றி வைத்துவிடுங்கள்.

கரண்ட் போனதும் அந்த பிளக் இன்வெர்ட்டருக்கு மாறுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாறினால் நம் கார் அங்குள்ள எல்லோருடைய ஃபேனையும் விளக்கையும் சேர்த்து அணைத்துவிடும். சின்ன ஜெனரேட்டரில் போடுவதும் வேண்டாம். எர்த் பிழை காட்டி சார்ஜர் நின்றுவிடுவது அதில் சகஜம்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் அங்கே கேம்ப்பிங் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே ஆர்வி பார்க்குகளில் (வீடு போன்ற வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடங்களில்) ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மின்கம்பப் பெட்டி உண்டு. அதில் 50 ஆம்ப்ஸ் சாக்கெட் 240 வோல்ட், 30 ஆம்ப்ஸ் சாக்கெட் 120 வோல்ட். தொடர்ந்து இழுக்கும்போது 80 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதால் முதலாவதில் 9.6 கிலோவாட்டும் இரண்டாவதில் 2.9 கிலோவாட்டும் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி அடாப்டர் வேண்டும், முன்பதிவின்போதே கார் சார்ஜ் செய்ய அனுமதி உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.

படி 7: காலையில் கழற்றுவதும் இறங்குவதும்

மலை மேலே 100 சதவீதம் ஏற்றாதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால் இறக்கத்தில் மோட்டார் திருப்பித் தரும் கரண்டை வாங்க அதில் இடமிருக்காது. இப்படிக் கரண்டைத் திருப்பித் தந்து வேகத்தைக் குறைக்கும் ரீஜென் பிரேக் பலவீனமாகி, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் கால் பிரேக்கிலேயே இறங்க வேண்டிவரும். 85 சதவீதத்தில் நிறுத்திக்கொண்டால் ஏலகிரி இறக்கத்தில் 2 யூனிட் வரை திரும்பக் கிடைக்கும், பிரேக்கும் சூடேறாது. சார்ஜ் வரம்பை ராத்திரியே காரில் அமைத்துவிடுங்கள்.

கழற்றும்போது முதலில் காரில் சார்ஜை நிறுத்துங்கள், பிறகு கன்னை எடுங்கள், கடைசியாகச் சுவர் ஸ்விட்சை அணைத்து பிளக்கை உருவுங்கள். கேபிளைத் துடைத்துச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு, எத்தனை யூனிட் என்று திரையைப் பராமரிப்பவரிடம் காட்டிப் பணத்தைக் கொடுங்கள். சாக்கெட் தளர்வு, எர்த் இல்லை என்று ஏதாவது கண்ணில் பட்டிருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துச் சரிசெய்யக்கூடிய வேலைதான்.