தலைப்பு நடுவுக்கு வர மறுக்கிறதா?

பினாங்கு மழையளவை மாதவாரியாக ஆர் நிரல்மொழியில் சார்ட் ஆக்கிக்கொண்டிருந்தேன். தலைப்பு மட்டும் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஆரில் சார்ட் வரைய உதவும் ஜிஜிபிளாட்2 தொகுப்பில், 2016-இல் வந்த 2.2.0 பதிப்பிலிருந்து அதுதான் இயல்பு. நடுவில் வேண்டுமென்றால், தோற்றத்தை மாற்றும் தீம் கட்டளைக்குள் பிளாட்.டைட்டிலுக்கு எலிமென்ட்_டெக்ஸ்ட் கொடுத்து, அதில் ஹெச்ஜஸ்ட் மதிப்பை 0.5 என்று வையுங்கள். 0 இடது, 1 வலது. தடித்த எழுத்துக்கு ஃபேஸ், அளவுக்கு சைஸ். எல்லாம் அதே அடைப்புக்குறிக்குள்தான்.

நான் அரை மணி நேரத்தைத் தொலைத்தது வேறு இடத்தில். இந்த வரிக்குக் கீழே, வெள்ளைப் பின்னணி தரும் ஆயத்தத் தீமான தீம்_பிடபிள்யூவைச் சேர்த்திருந்தேன். அது முழுத் தீம். வந்த கையோடு முன்னால் சொன்ன திருத்தத்தையெல்லாம் அழித்துவிடும். அதை முதலில் போடுங்கள், உங்கள் திருத்தம் அப்புறம்.

0.5 வைத்தும் சற்று வலப்புறம் தள்ளித் தெரிகிறதா? அது அச்சுகளுக்குள் இருக்கும் கட்டத்தின் நடு, முழுப் படத்தின் நடு அல்ல. பிளாட்.டைட்டில்.பொசிஷனுக்கு "பிளாட்" என்று கொடுத்தால் சரியாகிவிடும்.

நம் தமிழ்த் தலைப்புகள் வேறு நீளமானவை. "ஜார்ஜ் டவுன் மாதாந்திர மழையளவு, மில்லிமீட்டரில்" என்று பெரிய எழுத்தில் போட்டால் ஓரம் வெட்டுப்படும். மடக்க வேண்டிய இடத்தில் பின்சாய்கோடும் ஆங்கிலச் சிறிய 'என்' எழுத்தும் (\n) போடுங்கள், மீதி அடுத்த வரிக்குப் போய்விடும்.