பழைய புனிதர் மெடல் சேர்க்கலாமா? 1830 என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

புதுச்சேரியில் பழைய வீட்டு அலமாரியைக் கிளறினால், அறுந்த ஜெபமாலையோடு ஒரு சின்ன மெடல் அகப்படும். அதில் 1830 என்று இருந்தால் போதும், விற்பவர் இருநூறு வருஷப் பழசு என்று விலையை ஏற்றிவிடுவார்.

படி 1: தேடுவது
சொந்தக்காரர் வீடுகளில் தொடங்குங்கள். பிறகு காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய சாமான் விரிப்புகள். யார் போட்டிருந்தது என்று கேட்டு, துண்டுச்சீட்டில் எழுதி மெடலோடு வையுங்கள். அந்தத் தகவல் போனால் திரும்ப வராது.

படி 2: 1830 யாருடையது?
உருண்டை உலகின் மேல் மாதா, கைகளிலிருந்து ஒளிக்கதிர். பின்பக்கம் சிலுவையோடு 'எம்' எழுத்து, இரண்டு இருதயங்கள், 12 நட்சத்திரங்கள். இதுதான் அற்புதச் சுரூபம். 1830 என்பது பாரிஸில் கத்தரீன் லபூரே என்ற கன்னியாஸ்திரி மாதாவைக் காட்சியில் கண்ட வருடம். முதல் மெடல் அடித்ததே 1832இல்தான். போன மாதம் அடித்ததிலும் அதே 1830 இருக்கும்.

படி 3: பட்டத்தைப் படியுங்கள்
எனக்குப் பிடித்த வேலை இது. பிரெஞ்சு மெடலில் பெயருக்கு முன்னால் 'பியென்னொரெஸ்' என்று இருந்தால் அருளாளர் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி), 'சேந்த்' என்றால் புனிதர். ஜான் ஆஃப் ஆர்க் அருளாளரானது 1909, புனிதரானது 1920. ஆக அருளாளர் பட்டத்தோடு வந்தால் பெரும்பாலும் இந்த இடைவெளியில் அடித்தது. லிசியே தெரேசாவுக்கு (நாம் குழந்தை தெரேசா என்போம்) இடைவெளி இன்னும் குறுகல்: 1923, 1925. நம் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1853இல் அருளாளர், 1947இல்தான் புனிதர்; அங்கே இந்தக் கணக்கு அவ்வளவாக உதவாது.

படி 4: உலோகம்
கையில் எடை தெரியாமல் பஞ்சாக இருந்தால் அலுமினியம். அதை மலிவாக எடுக்கும் முறை வந்தது 1886இல். அதற்கு முன் சாமானியர் கழுத்தில் அலுமினிய மெடல் தொங்க வழியில்லை. பிரெஞ்சு வெள்ளியென்றால் வளையத்தை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். காட்டுப்பன்றித் தலையோ நண்டோ வெள்ளியின் தர முத்திரையாகத் தெரியலாம். இரண்டும் 1838 முதல் வந்தவை.

படி 5: தேய்க்காதீர்கள்
புளி, பற்பசை, பாத்திரப் பொடி எதுவும் கூடாது. கருமை போனால் மதிப்பும் போகும், எழுத்தும் மழுங்கும். காய்ச்சி வடித்த நீர், மென்மையான பிரஷ், பிறகு நன்றாக ஈரம் போக உலர்த்தல், அவ்வளவுதான். கடற்காற்று உலோகத்தைச் சும்மா விடாது. மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போடுங்கள். பிவிசி கவர் வேண்டாம், செம்பு கலந்தவை பச்சை பூக்கும்.

ஒன்று விட்டுப்போச்சு: 100 வருடம் தாண்டியதை பிரான்ஸில் இருக்கும் மாமாவுக்கு பார்சல் போட்டுவிடாதீர்கள். 1972 தொல்பொருள் சட்டப்படி தனியார் ஏற்றுமதிக்குத் தடை.